நூற்று முப்பது மீட்டர்

ஓய்வுபெற்ற சர்வேயருக்கு ஒரு குணம். எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்காவிட்டால் தொண்டைக்குக் கீழே ஒன்றும் இறங்காது. வேலையில் இருந்தவரை அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள், சரி. ஓய்வுபெற்ற பிறகும் அதையே இலவசமாகச் செய்துகொண்டிருந்தால் ஊர் தாங்குமா?

குடியிருப்போர் சங்கத்தில் சேர்ந்தார். மூன்றாவது வாரமே கார் நிறுத்தும் இடங்களையெல்லாம் டேப் வைத்து அளந்து, செயலாளரின் இடம் மட்டும் ஒரு சாண் கூடுதல் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. நூலகத்துக்குப் போனார். மேசைகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று தினமும் போய் நூலகரிடம் சொன்னார். அந்த அம்மாள் நல்ல மனுஷி, ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார். அதன்பின் சர்வேயர் வீட்டோடு உட்கார்ந்து, சமையலறை அலமாரி வலப்பக்கம் நான்கு மில்லிமீட்டர் சரிந்திருக்கிறது என்று மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தார். முப்பத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவருக்கே பொறுமை போய்விட்டது.

ஞாயிறு நடைக் குழுவில் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த மனைவிதான். ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்தின் கேட்டில் தொடங்கி, காட்டுக்குள் ஏறி, மலைமுகட்டில் கொஞ்ச தூரம் போய், நீர்க்கரையோரம் இறங்கி, அதே கேட்டுக்குத் திரும்பி வருகிற சுற்றுப்பாதை அது. ‘8 கி.மீ. – நடுத்தரம்’ என்று பலகை சொல்லும். பதினைந்து பேர், எல்லோரும் ஓய்வுபெற்று வீட்டோடு இருப்பவர்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். ஐம்பது சுற்று முடித்தவருக்கு, அதாவது நானூறு கிலோமீட்டர் நடந்தவருக்கு, ஒரு பித்தளை பேட்ஜ் குத்துவார்கள்.

“இந்தக் கூட்டமும் உங்களைத் துரத்திவிட்டா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். நீங்களும் அந்த அலமாரியும் சந்தோஷமா இருங்க” என்று மனைவி சொல்லித்தான் அனுப்பினார்.

சர்வேயருக்கும் இந்தத் தடவை ஒழுங்காக இருந்துவிட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. வாரம் பூராவும் பேச ஆளில்லாமல் வாய் நமநமத்துக் கிடந்தவர். ஆனால் அந்தப் பலகை கண்ணில் பட்டுத் தொலைத்ததே! வளைந்து வளைந்து போகிற காட்டுப்பாதை, சொல்லிவைத்த மாதிரி முழுசாக எட்டில் வந்து முடியுமா? முதல் ஞாயிறே தன் அளவுச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போனார். நீளக் கம்பின் நுனியில் ஒற்றைச் சக்கரம், உருள உருளத் தூரத்தைக் காட்டும். முகட்டில் எல்லோரும் நின்று தண்ணீரையும் மலையையும் பார்த்தார்கள், இவர் குனிந்து எண்ணைப் பார்த்தார். அன்றைக்கே அவருக்கு ‘மில்லிமீட்டர்’ என்று பெயர் விழுந்தது. அவரும் சேர்ந்து சிரித்தார், மனசுக்குள் குளிர்ந்துதான் போயிருந்தது.

மறு ஞாயிறு டீச்சரின் ஐம்பதாவது சுற்று. டீச்சர் என்றால் கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியையாக ஓய்வுபெற்றவர், வயது எழுபத்திரண்டு. முட்டியில் ஆபரேஷன் ஆனபோது, இனிமேல் மாடிப்படி ஏறினாலே பெரிய விஷயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் இரண்டு வருஷமாகக் குழுவுக்குக் கடைசி ஆளாக வந்துவந்து ஐம்பதையும் முடித்துவிட்டார். கேட்டில் எல்லோரும் கைதட்ட, பல் டாக்டர் பேட்ஜைத் திறந்து பிடித்தபடி நெருங்கினார். அப்போதுதான் சர்வேயர் தொண்டையைக் கனைத்தார்.

பாதையின் நீளம் ஏழு கிலோமீட்டர் எண்ணூற்று எழுபது மீட்டர்தான் என்றார். சுற்றுக்கு நூற்று முப்பது மீட்டர் குறைகிறது; ஐம்பது சுற்றுக்கு ஆறரைக் கிலோமீட்டர். ஆகவே டீச்சருக்கு இன்னும் நானூறு ஆகவில்லை. இதைச் சொல்லிவிட்டு, நல்லது செய்த முகத்தோடு நின்றார்.

மற்றப் பதின்மூன்று பேரும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டார்கள். மனுஷனா நீ என்பது வரைக்கும் போனது பேச்சு. டீச்சர்தான் கையைக் காட்டி அடக்கினார். கணக்கு கணக்குதான், குறைந்தால் நடந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லி, பேட்ஜைத் திரும்பப் பெட்டியில் வைக்கச் சொன்னார். ஆறரைக் கிலோமீட்டரோடு நிறுத்தவும் வழியில்லை. அந்த இடம் நீர்க்கரையில் ஆளில்லாத காடு. முழுச் சுற்றும் நடந்தே ஆகவேண்டும். அடுத்த வாரம் வரேன், குறை சொன்னவர் மட்டும் துணைக்கு வந்தால் போதும் என்றுவிட்டார்.

பல் டாக்டர் சர்வேயரைத் தனியே அழைத்துப்போய், பல்லைப் பிடுங்குகிற அதே இனிமையான குரலில், அடுத்த வாரத்தோடு அவர் வரவேண்டியதில்லை என்று சொன்னார். விஷயம் வீட்டுக்கு எட்டியது. மனைவி பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டினார்.

மூன்றாவது ஞாயிறு மற்றவர்கள் கேட்டிலேயே உட்கார்ந்துவிட, இவர்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். சக்கரத்தை வீட்டில் விட்டுவிட்டு டீச்சரின் தண்ணீர் பாட்டிலைச் சுமந்துகொண்டு பின்னால் போனார் சர்வேயர். ஏற்றத்தில் டீச்சர் இருபது அடிக்கு ஒருமுறை நின்றார். ஒவ்வொரு தடவையும் முட்டியைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தார். சர்வேயர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

மூச்சு வாங்குவதற்காக நின்ற ஓரிடத்தில், எப்படி அளந்தீர்கள் என்று டீச்சர் கேட்டார். அவ்வளவுதான், சர்வேயருக்கு உயிர் வந்துவிட்டது. சக்கரத்தைப் பற்றி, சாய்வைப் பார்க்கிற கருவியைப் பற்றி எல்லாம் விளக்கினார்.

“நிலப்படத்துல மலையையும் தட்டையாத்தான் போடணும் டீச்சர். அதனால ஏத்தம் இறக்கம் வர்ற இடத்துல எல்லாம் சாய்வைக் கழிச்சிட்டுத்தான் எழுதுவோம்.”

டீச்சர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ஒரு செங்கோண முக்கோணம் போட்டார். சாய்ந்த கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

“நான் ஏறினது இது. இதுக்கு என்ன பேரு சார்?”

“கர்ணம்.”

“நீங்க எழுதினது?”

சர்வேயர் கீழே கிடந்த கோட்டைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். “அடிப்பக்கம்.”

“எது பெரிசு?”

சர்வேயர் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். சக்கரம் காட்டிய எண் முதல் வரியிலேயே இருந்தது: எட்டு கிலோமீட்டர் நான்கு மீட்டர். அதன்மேல் ஸ்கேல் வைத்து நேராகக் கோடு அடித்திருந்தது அவர் கைதான். நாற்பது வருஷப் பழக்கத்தில் மலையை எல்லாம் தட்டிச் சமமாக்கிவிட்டு, அந்தத் தூரத்தை ஒரு முட்டி வலிக்காரரின் தலையில் கட்டியிருக்கிறார்.

திரும்பிப் போய்விடலாம் என்றார். பாதி வந்தாயிற்று, திரும்பினாலும் அதே தூரம்தான் என்று டீச்சர் நடக்க ஆரம்பித்தார். கேட்டில் சொல்வீர்களா என்று பின்னாலேயே போய்க் கேட்டார் சர்வேயர். அது என் வேலை இல்லை என்று பதில் வந்தது.

தப்பு என்னுடையது என்று பிறந்ததிலிருந்து சர்வேயர் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மதில்சுவர் விவகாரத்தில் தன் அளவுதான் சரி என்று ஒற்றைக்காலில் நின்று, சொந்த அண்ணனோடு பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எப்படியும் அவரை வெளியே அனுப்பத்தான் போகிறார்கள், மரியாதையாவது மிஞ்சும். நீர்க்கரையில் காற்று நன்றாக வீசியது, அவருக்கு மட்டும் வியர்த்தது.

கேட்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பல் டாக்டர் பேட்ஜை எடுத்தார். சர்வேயர் மறுபடியும் தொண்டையைக் கனைத்தார். இன்னும் எத்தனை மீட்டரோ என்று எல்லோரும் பல்லைக் கடித்தார்கள்.

“தப்பு என்னோடது. பாதை எட்டு கிலோமீட்டர்தான். டீச்சர் போன வாரமே முடிச்சிட்டாங்க.” ஒரு விநாடி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. “நாலு மீட்டர் கூடவே இருக்கு.”

பல் டாக்டருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வலிக்கிற காலோடு ஒரு பெரியவரை வீணாக ஒரு மலை ஏற வைத்தாரே, இந்த ஆளோடு இனி ஒரு அடிகூட எடுத்துவைக்க முடியாது என்று கத்தினார். சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டு, பாட்டிலை டீச்சரிடம் நீட்டினார்.

டீச்சர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. பேட்ஜைத் தானே எடுத்துக் குத்திக்கொண்டார்.

“அப்ப இன்னிக்கு நடந்தது எனக்கு வேண்டாம் டாக்டர். அதை சார் பேர்ல எழுதுங்க. இதோட அவருக்கு நாலு சுத்து ஆச்சு. இன்னும் நாப்பத்தாறு இருக்கு.”

பல் டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். எதிர்த்துப் பேசக்கூடிய முகமாக அது இல்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, சர்வேயரின் பெயருக்கு நேராக ‘4’ என்று எழுதினார்.

சர்வேயர் எட்டிப் பார்த்தார். தான் நடந்தது மூன்றே மூன்று சுற்று என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.