தட்டி விடுகிற பட்டன்

எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே இருந்த கேம் சென்டரில் முதல் நாள் நான் செத்ததே ஒரு வார்த்தையால்தான். கடை நடத்திய தம்பி பின்னால் நின்றுகொண்டு, "பாஸுங்ணா, பாஸு!" என்று கத்தினான். பனியன் கம்பெனிக்காரனுக்கு பாஸ் என்றால் ஒன்றுதான். செக்கிங் டேபிளில் குறையில்லாத பீஸைத் தனியாக எடுத்துப் போடுவார்களே, அது பாஸ். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தேன். திரையில் இரும்புக் கவசம் போட்ட ஒரு தடியன் வந்து என் ஆளை வெட்டிச் சாய்த்தான். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "பாஸுன்னா கடைசில வர்ற பெரிய வில்லனுங்ணா!" நானும் சிரித்தேன். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்ததே அதிசயம்.

விளையாட நான் அங்கே போகவில்லை. நான் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற டெய்லர். புதிதாகக் கல்யாணமானவன். ஒரு நாள் மிஷின் ஊசி என் வலது ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்து உள்ளேயே ஒடிந்தது. விரலில் ஊசி ஏறாத டெய்லர் திருப்பூரில் உண்டா? துணியைச் சுற்றிக்கொண்டு ஷிப்ட் முடித்தேன். சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் கிழித்தார்கள். புண் ஆறியது, விரலும் மடங்கியது, ஆனால் நினைத்தவுடன் மடங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கியது. டி-ஷர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைக்கும்போது வளைவில் துணியை விட்டுப் பிடிப்பதே அந்த விரல்தான். அது யோசித்தால் கழுத்து கோணிக்கொள்ளும்.

"வெரல் சரியாச்சுன்னா வா, மிஷின் தர்றேன். இல்லீன்னா பிசிர் வெட்டு," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பிசிர் வெட்டுவது என்றால், அடுத்தவன் தைத்த துணியில் தொங்குகிற நூலைக் கத்தரிப்பது. தையல் தெரியாமல் புதிதாக வருகிறவர்களை உட்கார வைக்கிற இடம் அது. அங்கே போய் உட்காருவதற்குப் பதில் சாகலாம் என்று நான் மனதாரவே நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருந்தார்கள். விரல் வந்ததா வரவில்லையா என்று அந்தக் கருமத்துக்குத் தெரியுமா? கவசக்காரனுக்குத் தெரியும். அவன் வாளை ஓங்குவான். அது இறங்குகிற நொடியில், ஆள்காட்டி விரலுக்கு அடியில் இருக்கும் பட்டனை அமுக்கினால் என் ஆள் அந்த வெட்டைத் தட்டி விடுவான். முந்தினாலும் சாவு, பிந்தினாலும் சாவு. இவனைத் தட்டிவிட்டேன் என்றால் மிஷினில் உட்காரலாம். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

செத்தேன். தினமும் போய்ச் செத்தேன். கொடுமை என்னவென்றால், அவன் வாளை ஓங்கியதும் என் வலது கால் தரையை ஓங்கி மிதிக்கும். மிஷினில் கால் மிதித்தால்தானே ஓட்டம். இங்கேயும் கால் சரியான நேரத்துக்கு மிதித்துவிடும், விரல் சாவகாசமாகப் பின்னால் வரும்.

"ஏனுங்ணா, கீழ பெடல் ஒண்ணும் இல்லீங்ணா. செருப்புத்தான் தேயும்," என்பான் தம்பி.

"வாய மூட்றா," என்பேன். ஒரு நாள் ரிமோட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போனபோது அவன் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் என் மனைவி அவளுடைய கம்பெனியிலிருந்து வந்து, கடை வாசலில் நின்று, "ஏனுங்க, சோறு ஆறுதுங்க, வாங்க," என்று கூப்பிடுவாள். "போ புள்ள, வர்றேன்," என்று எரிந்து விழுவேன். போக மாட்டாள். நான் சாவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

பிறகு ஒரு நாள் வாள் இறங்கியது, விரல் அமுங்கியது, வெட்டு தெறித்துப் போனது. நம்ப முடியவில்லை. மறுபடி வெட்டினான், மறுபடி தட்டினேன். கடைசியில் கவசக்காரன் மண்டியிட்டு விழுந்தபோது நான் கடையே அதிரக் கத்தினேன். தம்பி மட்டும் என்னைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். "நல்லதுங்க," என்று சிரித்தாள். நாளைக்கே கம்பெனிக்குப் போகிறேன் என்றதும் அவள் சிரிப்பு நின்றுபோனது. பயப்படுகிறாள், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, மிஷினில் உட்கார்ந்தேன். வளைவு வந்தது. விரல் யோசித்தது. கழுத்துப் பட்டி ஒரு பக்கம் சுருங்கி, ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டது. இன்னொரு பீஸ் கேட்டு வாங்கினேன், அதுவும் அப்படியே. திட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவரோ என் தோளில் கை வைத்து, "பரவால்ல கண்ணு, நாளைக்கு வந்து கத்திரி எடுத்துக்க," என்றார். அதுவரை என்னை அவர் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை.

நேராகக் கேம் சென்டருக்குப் போனேன். "நேத்து எப்பட்றா தட்டுனேன்? மறுபடி போடு," என்றேன். தம்பி போடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "மெனுவுல ஈஸின்னு ஒண்ணு இருக்குதுங்ணா. அதுல போட்டா அவன் மெதுவா வெட்டுவான், நீங்க லேட்டா அமுக்குனாலும் எடுத்துக்கும்," என்றான்.

"உன்னைய யார்றா மாத்தச் சொன்னது?"

"உங்கூட்டு அக்காதானுங்ணா. 'அவரு ஒருக்காவாச்சும் ஜெயிக்கட்டும், ஏதாவது பண்ண முடியுமா'ன்னு கேட்டாங்க. நீங்க கம்பெனிக்குப் போயிருவீங்கன்னு எங்களுக்குத் தெரியாதுங்ணா."

கத்துவதற்கு வாய் நிறைய வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அவள் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மிஷின் இல்லீன்னுட்டாங்க. பிசிர் வெட்டச் சொல்லீட்டாங்க."

அவள் ஐயோ என்று சொல்லவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. நறுக்கிக்கொண்டே, "அதுக்கும் இதே நேரந்தானுங்களா? காலைல சோறு எத்தன மணிக்குக் கட்டட்டுமுங்க?" என்றாள்.

என் விரல் இனி வராது என்பது அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. வாசலில் நின்று அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எட்டு மணிக்கு," என்றேன்.