ஒழுகிய குட்டை

குடையை ஊன்றிக்கொண்டு குட்டைக் கரையில் டீச்சர் நின்ற காட்சிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. பத்து நாளுக்கு முன் தளும்பிய மழைநீர், பஸ்ஸுக்கு நேரமான விருந்தாளிபோலக் கிளம்பிவிட்டிருந்தது.

தப்பு என்னுடையது. கோடையில் காப்பிச் செடிக்குத் தண்ணீர் வேண்டுமென்று பழைய குட்டையைத் தூர் வாரினேன். வண்டலோடு நிறுத்தியிருக்கலாம். வேலை சுத்தமாக இருக்கட்டுமென்று, அடியில் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த களிமண்ணையும் வழித்தெடுத்துவிட்டேன். பாத்திரம் விளக்கச் சொன்னால் அடியை ஓட்டையாக்குகிற ஆள் நான்.

"ஏங்கண்ணு, உன்ற குட்டையில நிக்காத தண்ணி என்ற கெணத்துல நிக்குதே!" என்றார் டீச்சர். மிஷன் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கரடியூர்ச் சரிவில் என் தோட்டத்துக்குக் கீழே தனியாக இருந்தார். ஐம்பதைத் தாண்டிய என் வழுக்கையைப் பார்த்தும் 'கண்ணு' என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். மாசியிலேயே வற்றும் அவர் கிணற்றில் அந்த வருஷம் சித்திரையிலும் வாளி முங்கியது. இனியும் கிணறு வற்றினால் சேலத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது மகள் போட்டிருந்த நிபந்தனை.

குட்டையில் விரிக்க வாங்கிய பிளாஸ்டிக் ஷீட்டை நான் பிரிக்கவே இல்லை. "எப்பக் கண்ணு விரிக்கறே?" என்று கேட்டால், "எலி கடிச்சிருச்சுங்க டீச்சர்" என்பேன். "அந்த எலிக்கு நொம்ப நல்ல மனசு" என்பார். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கோடையிலும் என் காப்பி வாடியது உண்மைதான். ஆனால் என் ஜோக்குக்குச் சிரிக்க அந்தச் சரிவில் வேறு ஆள் கிடையாது.

கடைசியில் அவரைக் கூட்டிப்போனது தண்ணீர் இல்லை, மூட்டுவலி. "கெணறு வத்தல கண்ணு, முட்டிதான் வத்திப்போச்சு" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். போன வருஷம் ஷீட்டை விரித்தேன். இப்போது குட்டையில் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. செடிகள் பச்சையாக இருக்கின்றன. கீழ்வீடு பூட்டிக் கிடக்கிறது. என் ஜோக்கை நானே கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே தெரிந்தது என்பதால் சிரிப்பு வருவதில்லை.

போன வாரம் டீச்சர் போன் செய்தார். "கெணத்துல தண்ணி கெடக்குதா கண்ணு?"

எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரியும். "தளும்புதுங்க" என்றேன்.

"முட்டி ஆபரேசன் பண்ணி நல்லாயிருச்சு. மகளும் தண்ணி இருந்தாப் போன்னுட்டா. அடுத்த மாசம் நம்மூட்டுக்கே வந்துடறேன்."

போனை வைத்துவிட்டு, கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு குட்டைக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் தடவித் தடவி, குனிந்து கத்தியால் ஷீட்டைக் கிழித்தேன். ஒரு மாதத்துக்குள் கிணறு நிறையுமா என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் டீச்சர்தான். அவரிடம் கேட்க முடியாது.