ஒரே டிஸ்க்கில் இரண்டு பங்காளிகள்

சிவப்பிரகாஷ் சேவலின் கழுத்தை அறுத்து, அது இறக்கை அடிப்பது நிற்கும்வரை முழங்காலால் அமுக்கிப் பிடித்திருந்தான். அவன் மனைவி ஜீவிதா இறகு பிடுங்கக் கொதிநீர்ச் சட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே அவன் அப்பா சென்னிமலையின் படுக்கைப்புண்ணை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கிருந்து வாசல் முழுக்கத் தெரியும்.

வடகரப்பதியில் பிறந்து, கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊருக்கே திரும்பியவன் சிவப்பிரகாஷ். கோபக்காரன். மாட்டை அடிப்பான், மோட்டாரை உதைப்பான். எதிர்வீட்டில் இருக்கும் பெரியப்பா மகன் நவீன்குமாரும் அதே ரகம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தீவன ஆலையின் எடைமேடைக்கு இருவரும் சேர்ந்து இரண்டு வருடமாக நிரல் எழுதினார்கள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். தவறினால் வேலை கைவிட்டுப் போகும். பழையபடி தக்காளி வயல்தான்.

எழுதியதையெல்லாம், செய்த ஒவ்வொரு மாற்றத்தோடும் சேர்த்து, ஒரு கோப்புறையில் வைத்திருந்தார்கள். ரெப்போ என்பார்கள். ஆளுக்கொரு முழுப் பிரதியைத் தன் கம்ப்யூட்டரில் வைத்து வேலை செய்வதுதான் முறையாம். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஒரே கிணறு, முறை வைத்து இறைப்பார்கள். அதே பழக்கத்தில் சிவப்பிரகாஷின் பரணில் ஒரு டிஸ்க்கை வைத்து, இரண்டு வீட்டிலிருந்தும் வைஃபை வழியாக அந்த ஒரே கோப்புறையில் எழுதினார்கள். ஒருவன் எழுதும்போது பூட்டுக் கோப்பு ஒன்று தானாக விழும், முடிந்ததும் தானாகப் போகும். அது கிடக்கும்வரை மற்றவன் எழுத முடியாது.

கிணற்றில் அடுத்தவன் மோட்டார் ஓடாமல் கிடந்தால், அவன் ஃபியூஸைப் பிடுங்கித் தன்னுடையதைச் செருகுவது அங்கே சாதாரணம். ஞாயிறு காலை, சேவலைப் பிடிப்பதற்கு முன், பூட்டுக் கோப்பு கிடப்பதைப் பார்த்த சிவப்பிரகாஷ் அதையும் அப்படியே பிடுங்கினான். கரண்ட் போனபோது தங்கிவிட்டது என்று நினைப்பு. தன்னுடையதை எழுதிவிட்டு எழுந்து வந்தான். எதிர்வீட்டில் நவீன் அந்த நேரத்தில்தான் பழைய பதிவுகளை அடுக்கிச் சுருக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது. அதன் பிறகு ரெப்போ திறக்கவே இல்லை.

நவீன் டிராக்டர் ஸ்பேனரோடு வாசலுக்கு வந்தான்.

"பூட்டை எடுத்தது நீதானடா?"

"நான்தான். நீ சும்மா இருக்கறேன்னு நெனச்சேன்."

"ஒரு போன் போட்டுக் கேட்டா வாய் வெந்துருமா?"

"கெணத்துல என்ர ஃபியூஸைப் புடுங்கறப்ப நீ போன் போட்டியாடா, பெரிய கலெக்டரு!"

"ரெப்போ போச்சுடா நாயே!"

ஸ்பேனர் இறங்கியது. தலையைக் காக்க சிவப்பிரகாஷ் வலக்கையைத் தூக்கினான். விரல்கள் நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கீழே கிடந்த, சேவல் அறுத்த கத்தியை இடக்கையால் எடுத்து நவீனின் முன்கையைக் கிழித்தான். இருவரும் விழுந்து புரண்டார்கள். நவீன் அவன் காதைக் கடித்தான். சென்னிமலை கோணிய வாயால், "ரெண்டு பேரும் சாவுங்கடா" என்றார். ஜீவிதா கொதிநீர்ச் சட்டியைத் தூக்கி இருவர் காலிலும் கவிழ்த்தாள். பிரிந்தார்கள்.

நான் போய் நவீனின் கையைத் துணி வைத்து இறுக்கிக் கட்டினேன். கால்களில் பச்சைத் தண்ணீர் ஊற்றச் சொன்னேன்.

"ருக்கியாம்மா, மொதல்ல டிஸ்க்கைப் பாக்கோணும்" என்றான் சிவப்பிரகாஷ், எலும்பு தெரியும் விரல்களோடு.

"வாயை மூடிட்டு ஜீப்புல ஏறு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இருவரும் ஒரே குரலில், சந்தையில் மாடு முட்டியது என்றார்கள். மாடு காதையும் கடித்ததா என்று டாக்டர் கேட்டார்.

போன மாதம் ஆலையில் காட்டுவதற்காக ஜீவிதா தன் லேப்டாப்பில் முழு ரெப்போவையும் எடுத்துப் போயிருந்தாள். அது ஒன்றுதான் மிஞ்சியது. அதற்குப் பின் எழுதியதில் பெரும்பகுதி சிவப்பிரகாஷின் வேலை, இப்போது அவன் மண்டையில் மட்டும் இருந்தது. வலக்கையிலோ முழங்கைவரை மாவுக்கட்டு.

மறுநாள் காலை ஜீவிதா ஆலைக்குப் போன் போட்டாள். முதலாளி நன்றாகத் திட்டிவிட்டு ஒரு வாரம் தவணை கொடுத்தார். நவீன் தையல் போட்ட கையோடு வந்து, அவளிடமிருந்த பிரதியைத் தன் லேப்டாப்பில் ஒன்று, சிவப்பிரகாஷின் லேப்டாப்பில் ஒன்று என்று முழுதாக இறக்கினான். பரணில் ஏறி டிஸ்க்கின் வயரை அறுத்தெறிந்தான். பிறகு கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, "சொல்றா" என்றான். சிவப்பிரகாஷ் சொன்னான், நவீன் தட்டினான். தப்பாகத் தட்டியபோதெல்லாம் சிவப்பிரகாஷ் அவனை எட்டி உதைத்தான். வெந்த கால் என்பதால் உதைத்தவனும் சேர்ந்து அலறினான்.