நான் வெட்டிப் போட்ட ஓரம்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். எனக்கு நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். நரின் ஊரில், மெலிஸ் வீட்டு மேசையில் நடந்தது.

நான் கோக்-போரு ஆட்டங்களைப் படம் எடுப்பவன். செத்த ஆட்டைக் குதிரைமேல் இருந்தபடியே பறித்து, எதிரணியின் தொட்டியில் வீசும் ஆட்டம் அது. மெலிஸ் அணித்தலைவன். எனக்குப் பதினோரு வருஷத் தோழன். அன்று அவன் ஆட்டை வீசிய கணம் என் கேமராவில் சிக்கியிருந்தது. ஐந்து மணிக்குள் அதைத் திருத்தி தலைநகர் பிஷ்கெக்கில் நடக்கும் கண்காட்சிக்கு அனுப்ப வேண்டும்.

“என் மூஞ்சி அழகுக்கு எடிட்டிங் வேற வேணுமாடா சகின்?” என்று சிரித்துவிட்டு மெலிஸ் தேநீர் போடப் போனான்.

மாலை 4.10. படத்தைத் திறந்தேன். தரையோடு படுத்து எடுத்ததால் மெலிஸ் வானத்தை முட்டிக்கொண்டு தெரிந்தான். ஒரே குறை, அவன் தோளுக்குப் பின்னால் ஆளில்லாத செம்பழுப்புக் குதிரை. பார்க்கிற கண் அங்கேதான் போகும். அழித்தேன். சேமித்தேன்.

4.18. மறுபடி திறந்தால்... குதிரை நின்றது. கொஞ்சம் முன்னால் வந்து. இப்போது வால் இல்லை. என் அழிப்பான் தின்றுவிட்டது என்று நினைத்தேன். ‘போகாவிட்டால் இருந்து தொலை’ என்று ஒரு வாலை வரைந்தேன்.

4.26. வரைந்த வாலைக் காணோம். கத்தியால் நறுக்கிய மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் ஒருவன் செத்தால்தான் அவன் குதிரையின் வாலை நறுக்குவார்கள்.

டக்... டக்...

ஜன்னலுக்கு வெளியே குளம்படி. எட்டிப் பார்த்தேன். வெறும் முற்றம்.

மெலிஸ் வந்தான். திரையைப் பார்த்தான். தேநீர்க் கிண்ணத்தைப் பட்டென்று மேசையில் வைத்தான்.

“வெட்டிடு அதை.”

“யார் குதிரைடா இது?”

“போன வருஷம் வெட்டின மாதிரி வெட்டு. கேள்வி கேக்காத.”

போன வருஷம், எதிரணி எஷிம் விழுந்து செத்த ஆட்டம். ‘ஓரத்தை வெட்டு, படம் எடுப்பா இருக்கும்’ என்று மெலிஸ்தான் சொன்னான். அசலையும் அழிக்க வைத்தான். என் படத்தைப் பார்த்துத்தான் ஊர்ப் பெரியவர்கள், எஷிம் தானாக விழுந்தான் என்று விசாரணையை முடித்தார்கள்.

4.31. நான் எதையும் தொடவில்லை. படம் தானாக விரிந்தது. இடது பக்கம்... போன வருஷம் வெட்டிய ஓரம். எஷிம். அவன் குதிரை, அதே செம்பழுப்பு. அதன் கடிவாளத்தைப் பிடித்து இழுக்கும் ஒரு கை.

மெலிஸின் கை.

“உன்னை நம்பித்தானேடா, ஓரத்துல என்ன இருக்குன்னு பார்க்காம வெட்டினேன்...”

“வெட்டினது உன் கைதானே?”

டக்.

திரை அணைந்தது.

கூடவே இருந்து குழி பறித்திருக்கிறான். குழிக்கு மண் தள்ளியது நான்.

அந்த ஓரம் மறுபடி தெரியவே இல்லை. ஆனாலும் மறுநாள் எஷிமின் மனைவி ஜிபாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்றைய படத்தில் நின்ற எஷிமின் குதிரையை யாருக்கு விற்றாய் என்று கேட்டேன்.

“விக்கலையேண்ணே. மூணு நாள் முன்னாடி, அவரோட வருஷ விருந்துக்கு அதைத்தான் அறுத்தோம். மெலிஸ் அண்ணன்தான் மரியாதைப் பங்குன்னு இடுப்பெலும்பை எடுத்து உங்க தட்டுல வெச்சாரு. நல்லா இருக்குன்னு ரெண்டாவது வாட்டியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே?”