எட்டாவது வேலி விழுந்த அன்று நான் போய் வந்த வழி

மூத்த பேரன் கெவின் கணக்காளர் சோதினை பாஸ். நான் சொல்லச் சொல்ல இந்த எழுத்தையெல்லாம் இன்டர்நெட்டில் போட்டுத் தருகிறவனும் அவன்தான். அவனுக்கு அடுத்தவள் களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. சின்னவனுக்கு இந்த வருஷம் மறைக்கல்விப் போட்டியில் முதற்பரிசு. கிண்ணம் டிவிக்கு மேலே இருக்கிறது, வருகிறவர்கள் பார்க்கலாம்.

கடைசியாகச் சொல்ல வைத்திருப்பது பேத்தி அனிற்றாவை. பத்து வேலி தாண்டி ஓடுகிற நூறு மீற்றர் சட்டவேலி ஓட்டத்தில் நாட்டுக்காக மூன்று தரம் வெளிநாடு போய் ஓடிய பிள்ளை. வயது இருபது. நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்த காலத்தில் ஒழுங்கையில் பிளாஸ்டிக் கதிரைகளைச் சரித்துப் போட்டுப் பாய்ந்துதான் தொடங்கினவள். கதிரைகளுக்குக் கால் போனது. நான் ஏசவில்லை.

போன வருஷம் வெளிநாட்டில் மூன்றாவது வேலியில் கால் மாட்டி விழுந்து, முழங்கால் கட்டோடு வந்தாள். கனகாலம் ஓடவில்லை. போன சனிக்கிழமை தெரிவுப் போட்டி. முதலாவதாக வருகிறவருக்கு மட்டும்தான் அடுத்த வெளிநாட்டுப் பயணத்தில் இடம். நான் ஒரு நாளும் அவள் ஓடுவதை நேரே பார்த்ததில்லை, பயம். இந்த முறை அவளே வந்து, "அம்மம்மா, நீங்க வீட்டில இருந்து செபமாலை உருட்டுறதை நினைச்சா எனக்கு இன்னும் பயமாக் கிடக்கு. வந்து பாருங்கோ" என்றாள். அதுதான் இந்தப் பயணம்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து மைதானம் பத்து கிலோமீற்றர் அளவில். கெவினும் மற்றவர்களும் முன்னமே போய்விட்டார்கள். பகல் ஒன்றரைக்கு நானும் அனிற்றாவின் தாயான மகளும் காலி வீதியில் மட்டக்குளி பஸ் பிடித்தோம். இடப்பக்க ஜன்னலில் இருங்கோ; ஒவ்வொரு ஒழுங்கையாலும் கடற்காற்று வரும். மருதானையில் அரை மணித்தியாலம் நெரிசல். சனிக்கிழமைதானே என்று நம்பிப் போகாதீங்கோ.

மைதானத்தில் படி ஏற என் முழங்கால் விடாது. மகள் வீடியோ எடுக்க மேலே போனாள். நான் வாசலுக்குக் கிட்ட, கீழ் வரிசையில் இருந்தேன். நாலு மணிக்கு ஓட்டம் தொடங்குகிற வெடி. ஏழு வேலியையும் ஒழுங்கையில் தண்ணீர் ஓடுகிற கானைக் கடக்கிற மாதிரிக் கடந்தாள் பிள்ளை. எட்டாவதில் கால் பட்டது. வேலி தடாரென்று விழுந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் பள்ளிக்கூடத்தில் உயரம் பாய்ந்தவள். தடி விழுந்தால் ஆள் வெளியே. எனக்குத் தெரிந்த சட்டம் அதுதான். மிச்சத்தைப் பார்க்க மனம் வரவில்லை. அழுதுகொண்டு வருகிற பிள்ளைக்கு நானும் அழுத முகம் காட்டுவதா? கிட்டத்தில், கொட்டாஞ்சேனையில் அவளுக்கு விருப்பமான, மீன் வைத்துச் சுட்ட பணிஸ் விற்கிற கடை இருக்கிறது. வாங்கி வருவதற்குள் கண் காய்ந்துவிடும் என்று வெளியே வந்து ஒரு ஓட்டோவில் ஏறினேன்.

ஓட்டுநர் முபாரக், கிராண்ட்பாஸ் ஆள். ஏன் அழுகிறீங்க என்று கேட்டார். வேலியில் தட்டிப் பிள்ளை வெளியே போன கதையைச் சொன்னேன்.

"நானும் டெய்லி எங்கயாவது தட்டுறேன் ஆச்சி. வீல் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்றார்.

இரண்டு பணிஸ் வாங்கி ஏறவும் மகளின் போன்.

"அம்மா, எங்க நிக்கிறீங்க? படம் எடுக்கத் தேடுறம்."

"என்ன படம்? பிள்ளை அழுகுதோ?"

"ஏன் அழ? முதலாவது வந்திட்டாள்."

"வேலி விழுந்ததே."

"விழுந்தா என்ன அம்மா? இது உயரம் பாய்ச்சலே? தட்டுப்பட்டாலும் ஓடலாம்."

முபாரக் தம்பி நான் சொல்லாமலே வண்டியை மைதானத்துக்குத் திருப்பினார். போக வர எண்ணூறு ரூபாய். பிறகு வண்டியை நிறுத்திவிட்டு, வென்ற பிள்ளையைப் பார்க்க வேணும் என்று அவரும் உள்ளே வந்தார்.

பதக்கம் கொடுத்து முடிந்திருந்தது. அனிற்றா கழுத்தில் பதக்கத்தோடு இரண்டு பணிஸையும் சாப்பிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "வேலி விழுந்தும் நான் நிக்கேல்ல அம்மம்மா. நீங்க ஏன் ஓடினீங்க?" என்றாள். மகள் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

ஒன்பதாவதையும் பத்தாவதையும் அவள் தாண்டியதை வீடியோவில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தட்டின காலோடு பாய்ந்த அந்த இரண்டையும்தான் நான் நேரே பார்த்திருக்க வேணும்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தண்ணீரும் தொப்பியும் கொண்டு போங்கோ, பின்னேர வெயில் முகத்தில் அடிக்கும். திரும்பி வர ஓட்டோ வாசலிலேயே கிடைக்கும். கடைசி ஆள் கோடு தாண்டும்வரை எழும்பாதீங்கோ.

கெவின், நீ இதில் போட்டிருக்கிற படத்தில் குடும்பமே நிற்கிறது, நான் மட்டும் இல்லை. அந்த நேரம் நான் பணிஸ் கடையில். அதை எடுத்துவிட்டு, நான் வந்த பிறகு எடுத்த புதுப் படத்தைப் போடு. ஓரத்தில் முபாரக் தம்பி நிற்கிறார். அவரை வெட்டிப்போடாதே.