கண்டிகையில் நின்ற கால்

சனிக்கிழமை பகல் 1-20க்குப் பாசஞ்சர் வண்டி சென்ட்ரல் ஸ்டேஷனை விட்டது. திருத்தணி வரை ஐம்பத்தொரு மைல். மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு ரூபாய் ஓரணா. யுத்தம் முடிந்து ஒரு வருஷமாகியும் வண்டியில் கூட்டம் குறையவில்லை. எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் மலைக்குப் போகிறவர்கள். மொட்டை போட்டுக்கொள்ளவா, காவடியா என்று என்னைக் கேட்டார்கள். இரண்டும் இல்லை, ஓட்டப் பந்தயம் பார்க்கப் போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் பேசவில்லை.

அம்மையார்குப்பம் நெசவாளர்கள் வாழும் ஊர். அங்கிருந்து திருத்தணி மலையின் முதல் படி வரை ஏறக்குறைய பத்து மைல் ஓட வேண்டும். திருத்தணி ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் இதற்காக ஒரு வெள்ளிக் கோப்பை வைத்திருக்கிறார். ஜெயித்தவர் வீட்டில் அது ஒரு வருஷம் இருக்கும். ஒரே ஆள் தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயித்தால் கோப்பை அந்த ஆளின் ஊருக்கே சொந்தமாகிவிடும். அம்மையார்குப்பத்து வீராசாமி இரண்டு வருஷம் ஜெயித்திருந்தார். மூன்றாவது வெற்றிக்கான ஓட்டம் மறுநாள் காலை. அதைப் பார்த்து எழுதத்தான் என் பத்திரிகை என்னை அனுப்பியது.

மாலை 3-30. அரக்கோணம். இங்கே வேறு வண்டிக்கு மாற வேண்டும். காப்பி ஓரணா; சர்க்கரை இல்லை, வெல்லம். மாறிய வண்டியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் கான்வாஸ் ஷூக்களை அவற்றின் கயிற்றால் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பெயர் தாமோதரன். இன்ஜினில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன். வயது முப்பதுக்குள் இருக்கும். இரண்டு வருஷமும் இரண்டாவதாக வந்தவர் இவர்தான் என்று பேச்சில் தெரிந்தது.

"பேப்பர்காரங்களா? வீராசாமியப் பாக்கத்தான் போறீங்கோ. எல்லாரும் அவரத்தான் பாக்கறாங்க" என்றார்.

"அதில் உங்களுக்கு வருத்தமா?"

"எனக்கு இன்னா வருத்தம் சார்? ரெண்டு வருஷமா நானும் அவரு முதுகத்தான் பாத்துகினு ஓடறேன். முதுகுல எங்க மச்சம் கீதுன்னு கேளுங்க, சொல்றேன்."

ஓட்டத்துக்கு எப்படிப் பழகுகிறீர்கள் என்று கேட்டேன்.

"டூட்டி முடிஞ்சா ஷெட்டுலேர்ந்து அவுட்டர் சிக்னல் வரைக்கும் போய்ட்டு வருவேன். ரெண்டு மைல் இருக்கும். தெனமும் அவ்ளோதான். கடைசி மாசம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவேன். ஒரே நாள்ல சாஸ்தி ஓடிட்டு மறுநாள் இன்ஜின்ல தள்ளாடினா எங்க டிரைவர் கரி அள்ற சவுலாலயே சாத்துவாரு."

4-15க்குத் திருத்தணி. தாமோதரன் அத்தை வீட்டுக்குப் போய்விட்டார். நான் அம்மையார்குப்பம் பஸ் ஏறினேன். கட்டணம் ஆறணா. பெட்ரோல் இன்னும் தாராளமாகக் கிடைக்காததால் இது கரியில் ஓடும் பஸ். பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு; கிளீனர் அதன் விசிறியை அரை மணி சுற்றிய பிறகு வண்டி கிளம்பியது. கண்டக்டர் ஊர்ப் பெயர்களைத் தமிழிலும் வசவுகளைத் தெலுங்கிலும் சொன்னார். இருபுறமும் வேர்க்கடலைக் கொல்லை, நடுநடுவே மாந்தோப்பு, அதற்கு அப்பால் பாறைக் குன்றுகள். ரோடு சரளை ரோடுதான், ஆனால் மோசமில்லை. பாதி வழிக்குமேல் வந்தாயிற்று என்று கே.ஜி.கண்டிகை என்ற ஊரில் தவறாகக் கணக்குப் போட்டேன். திருத்தணியிலிருந்து கண்டிகை நாலு மைல்தான். அம்மையார்குப்பம் இன்னும் ஆறு மைல்.

ஊர் கண்ணில் படுவதற்கு முன் காதில் விழுந்தது. வீட்டுக்கு ஒரு தறி, சில வீடுகளில் இரண்டு. தெரு முனையில், வேப்பமரத்தடியில், ஒருவர் ராட்டை சுற்றித் தார்க் குச்சிக்கு நூல் ஏற்றிக்கொண்டிருந்தார். நெசவு ஊர்களில் அது பெண்களும் வயதானவர்களும் செய்கிற வேலை. இவர் நாற்பது வயதுகூட ஆகாதவர். சின்னப்பன் என்று பெயர் சொன்னார். இடது காலை நேரே நீட்டி வைத்திருந்தார்.

"நானும் ஓடினவன்தாங்க. வீராசாமிக்கு முந்தி, மொத வருஷம் ஜெயிச்சது நானு. முழங்காலுக்குக் கீழ எலும்புல வலி இருந்துச்சு. கோப்பையப் பாத்துகினு ஓடினேன், எலும்பப் பாக்கல. மலையடிவாரத்துல 'டப்'புனு ஒரு சத்தம். அப்புறம் கோணலா கூடிக்கிச்சு. தறியில மிதிக்கட்டய அமுக்க முடியல. தறிய வித்தாச்சு." சொல்லிவிட்டுத் தன் பக்கத்தில் பெருக்கி வைத்திருந்த வெறும் தரையைக் காட்டினார். "இந்த எடம் வீராசாமிக்கு. நேத்தே கூட்டி வெச்சிட்டேன்."

விளையாட்டாகச் சொல்கிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

வீராசாமியின் வீடு அதே தெருவில் ஏழாவது வீடு. குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு இரண்டு மிதிக்கட்டைகளையும் மாற்றி மாற்றி அமுக்க வேண்டும். அமுக்க அமுக்க நீள இழைகளான பாவு திறக்கும், நடுவே குறுக்கு நூலோடு நாடா பாயும். மற்ற வீடுகளில் கேட்ட சத்தம் சீரானது. இந்த வீட்டில் வலது கால் சத்தத்துக்குப் பிறகு இடது கால் சத்தம் ஒரு நொடி பிந்தி வந்தது.

வீராசாமி ஒல்லியான மனிதர், பேச்சு குறைவு. எல்லாக் கேள்விக்கும் "ஆங்" என்றார். அவருடைய மனைவி நாகம்மா பேசினார்.

"கால் வலிக்குதுன்னு அவரு சொல்லலீங்க. தறி சொல்லிச்சு. நான் அடுப்பங்கரயில இருந்தேன். ஒரு மிதி நொண்டுதேன்னு வந்து பாத்தா, வீங்கிக் கீது."

வலி வந்த விதத்தை நாகம்மாவின் தம்பி கோவிந்தன் சொன்னார். பந்தயத்தில் சைக்கிளில் கூடவே வருகிறவர் இவர். இந்த ஊரில் அமாவாசை அன்று தறி ஓட்டமாட்டார்கள். மாதம் முழுவதும் குழியில் உட்கார்ந்திருக்கும் வீராசாமிக்கு ஓடிப் பழக அந்த ஒரு நாள்தான். அதனால் அந்த நாளில் மாதத்துக்குரிய ஓட்டத்தை எல்லாம் சேர்த்து ஓடிவிடுவார். போன அமாவாசைக்குத் திருத்தணி போய்த் திரும்பியிருக்கிறார்: இருபது மைல். வலி மறுநாள் வந்தது.

"லீவு ஒரு நாள் தானே சார்? விட்டா அடுத்த மாசம்தான்" என்றார் கோவிந்தன், அதில் ஒரு தப்பும் இல்லை என்கிற மாதிரி.

வீராசாமியும் கோவிந்தனும் சேர்ந்து வைத்தியமும் செய்திருந்தார்கள். பாவுக்குப் போடும் கஞ்சியில் துணியைத் தோய்த்துக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை நாலு சுற்று சுற்றிக் காயவைத்திருந்தார்கள். விரலால் சுண்டிப் பார்த்தேன். பலகை மாதிரி ஒலித்தது.

"நூலே நிமிந்து நிக்குது, காலு நிக்காதா?" என்றார் கோவிந்தன்.

"பாவுல ஒரு தூறல் பட்டா குய்யோ முறையோன்னு சுருட்டிகினு ஓடறியே, கஞ்சி போயிடும்னு. வேர்வ மட்டும் இன்னா, பன்னீரா?" என்றார் நாகம்மா. பிறகு கணவரிடம் திரும்பினார். "ஊரு கேக்குது, போங்க. நான் தடுக்கல. இழ அறுந்தா இன்னா பண்றீங்கோ? மிதியிலேர்ந்து கால எடுத்துடறீங்க இல்ல? எடுக்காம மிதிச்சா பக்கத்துல பத்து இழ போவும். அதே மாதிரி எடுத்துடணும். அவ்ளோதான் நான் சொல்றது."

"ஆங்" என்றார் வீராசாமி.

அன்று இரவு பஜனைக் கோயில் கூடத்தில் எனக்குப் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை 6 மணி. ஊர்க் கோடியில் பதினோரு பேர் நின்றார்கள். திருத்தணியிலிருந்து வந்தவர்களை ஜவுளிக் கடைக்காரர் லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். தாமோதரனைத் தவிர எல்லோரும் வெறுங்கால். கேழ்வரகுக் கூழ் குடித்தவர்கள் சிலர், ஒன்றும் குடிக்காதவர்கள் பலர். ஜவுளிக் கடைக்காரர் கையைத் தட்டினார், ஓடினார்கள். வீராசாமி முதல் பனைமரம் வருவதற்குள்ளேயே முன்னால் போய்விட்டார். கட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

6-15க்கு வரவேண்டிய பஸ் 6-20க்கு வந்தது. ஏறிக்கொண்டேன். ஒவ்வொருவராகக் கடந்தோம். கண்டிகைக்கு ஒரு மைல் இருக்கும்போது தாமோதரனைக் கடந்தோம். குறுகிய அடி, வாய் மூடியிருந்தது. அவருக்கு ஒரு பர்லாங் முன்னால் வீராசாமி. நல்ல ஓட்டம்தான். ஆனால் கட்டைக் காணவில்லை என்று நினைத்தேன். இருந்தது. வியர்வையில் கஞ்சி கரைந்து, துணி வழுக்கிக் கணுக்காலில் சேறு பட்ட கந்தலாகச் சுருண்டிருந்தது.

கண்டிகை டீக்கடை முன் பஸ் அடுப்புக்குக் கரி போட நின்றது. நான் இறங்கினேன். வீராசாமி வந்தார். மைல் கல்லுக்கு நேரே வந்ததும் ஓட்டம் நடையாயிற்று. குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். உதட்டைக் கடித்ததைப் பார்த்தேன். இன்னொரு முறை அதே இடத்தில் அழுத்தினார். பிறகு மைல் கல்மேல் உட்கார்ந்துவிட்டார்.

கோவிந்தன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"இன்னா பாவா, கட்டு அவுந்துச்சு, அவ்ளோதானே? சுத்திக்கலாம், எழுந்திரு! நாலே மைலு. கோப்பை, பாவா! ஊரே காத்துகினு கீது!"

"கால எடுத்துட்டேன்டா" என்றார் வீராசாமி. நான் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் முழு வாக்கியம் அது.

தாமோதரன் வந்து சேர்ந்தார். நின்றேவிட்டார். "இன்னா ஆச்சு?"

"போய்யா, போ. இன்னிக்கு என் முதுகு இல்ல. ரோட்டப் பாத்து ஓடு."

தாமோதரன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடினார்.

கோவிந்தன் சாலையோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நானும் கண்டக்டரும் வீராசாமியைத் தோளில் பிடித்து பஸ்ஸில் ஏற்றினோம். கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார், கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, ஓட்டப் பந்தயத்துல பஸ்ஸு ஏறலாமா?"

"ஏறலாம் பெரிசு. ஜெயிக்கத்தான் கூடாது" என்றார் கண்டக்டர். பஸ் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் வீராசாமியும் கொஞ்சம் சிரித்தார். அதன் பிறகு வழி முழுவதும் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பஸ் தாமோதரனுக்கு முன்னாலேயே மலையடிக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் வந்து குனிந்து முதல் படியைத் தொட்டபோது மேளம் ஒலித்தது. மாலை போட்டார்கள், கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீராசாமி உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து கோப்பையை அவர் மடியில் வைத்தார். வீராசாமி ஒரு நிமிஷம் அதைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒரு நசுங்கல் இருந்தது. "இது எங்க வூட்டு அலமாரியில பட்டது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"தெனம் எவ்ளோ ஓடற?" என்று கேட்டார்.

"ரெண்டு மைல்."

"தெனமுமா? அப்போ தறிய யாரு பாப்பாங்க?"

"ஒரு மொழம் கொறச்சி நெய்யி" என்றார் தாமோதரன்.

ஓடி முடித்தவர்கள் படியேறி முருகனைக் கும்பிடுவது இந்தப் பந்தயத்தின் வழக்கம். அவர்கள் ஏறினார்கள். வீராசாமி கீழே நின்று கையைத் தலைக்கு மேல் கூப்பினார். பிறகு திரும்பும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

அன்றே சென்னைக்குத் திரும்பியிருக்கலாம். தந்தி ஆபீஸில் நாலு வரிச் செய்தி கொடுத்துவிட்டு நானும் அதே பஸ் ஏறினேன். அம்மையார்குப்பத்தில் இறங்கியபோது மாலை கட்டி வைத்திருந்தவர்கள் கலையாமல் நின்றார்கள். யாரும் திட்டவில்லை. "பஸ்ஸுல வந்த வீரன்" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. நாகம்மா கூட்டத்தில் இல்லை. வீட்டு வாசலில் வெந்நீரோடு நின்றார். கணுக்காலில் சுருண்டிருந்த துணியைக் கத்தரித்து எடுத்துத் தெருவில் எறிந்தார். எலும்பைத் தொட்டுப் பார்த்தார், அமுக்கவில்லை. "ஒரு மாசத்துக்கு ஓட்டம் கெடையாது. வலி போனப்புறம் தெனமும் ஏரிக்கர வரைக்கும் நடக்கணும். அமாவாசக்கி மட்டும் வூட்ட வுட்டு வெளிய வந்தீங்க, இருக்குது" என்றார்.

"ஆங்."

"தறிய?" என்றார் கோவிந்தன். கண்டிகைக்குப் பிறகு அவர் வாய் திறந்தது இப்போதுதான்.

"எடது மிதிய நான் கவுறு கட்டிக் கையால இழுக்கறேன். நாலு நாளு" என்றார் நாகம்மா.

திங்கள் காலை 6 மணி. பஸ்ஸுக்கு நேரமிருந்தது. தெருவில் நடந்தேன். தறிகள் தொடங்கிவிட்டன. ஏழாவது வீட்டுக்கு எதிரே நின்று கேட்டேன். வலது கால் சத்தம். பிறகு ஒரு நொடி. பிறகு கயிற்றில் இழுபட்ட இடது மிதியின் சத்தம். மற்றத் தறிகளை விட மெதுவான தறி. நிற்கவில்லை.

சென்னையில் கடற்கரை மைதானத்தில் ஓட்டக்காரர்கள் பலரைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அவர்களுக்கு மார்பில் நாடா படுகிற நேரத்தைக் குறித்துக்கொள்ள ஆள் உண்டு, கடிகாரம் உண்டு. நான் கொடுத்த நாலு வரியில் தாமோதரனின் பெயர் இருந்தது. மைல் கல்மேல் உட்கார்ந்தவரின் பெயருக்கு அதில் இடமில்லை. அந்த இடத்தை இங்கே கொடுக்கிறேன்.

தெரு முனையில் பஸ்ஸுக்கு நின்றேன். சின்னப்பன் அதற்குள் ராட்டைக்கு வந்துவிட்டார். அவருக்குப் பக்கத்தில், வீராசாமிக்கென்று சனிக்கிழமை காட்டிய வெறும் தரையில், நூல் கூடை இரண்டையும் தண்ணீர்ச் செம்பையும் பரப்பி வைத்திருந்தார். உட்காரலாமா என்று கேட்டேன்.

"அந்தாண்ட திட்டு மேல குந்துங்க" என்றார், ராட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க எடம் இல்லீங்க."