யாரும் ஆஜராகாத வழக்கு

சித்தூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர் கோர்ட்டில் நான் வக்கீல். போன வருடம் எங்கள் ஊரில், அரசியல் சட்டம் எழுதிய தலைவரின் சிலையை உடைத்துவிட்டார்கள். உடைத்ததாக விசைத்தறித் தொழிலாளி ஒருவனைப் போலீஸ் பிடித்தது. அவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல்கள் சிலர் பேசிவைத்தோம். முதலில் அப்படிச் சொன்னவன் நான்தான்.

கோர்ட்டுக்கு வெளியே கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. "உனக்கு வக்கீல் இருக்காரா?" என்று மாஜிஸ்திரேட் தெலுங்கில் கேட்டார். அவன் எங்களைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டோம்.

பின்னாலிருந்து ஜூனியர் வக்கீல் வசந்தா எழுந்தாள். உடைந்த சிலை அவள் தெருவில்தான் இருந்தது.

"உக்காரும்மா! வெளியே போனா உன்ன சும்மா விடுவாங்களா?" என்று அதட்டினேன்.

"காலையிலேர்ந்து அழுதுக்கினுதாண்ணா இருக்கேன். ஆனா இவனுக்கும் வக்கீல் உண்டுன்னு எழுதி வெச்சவரே அவர்தானே?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

ஜாமீன் கிடைத்தது. கூட்டத்துக்கு நடுவே அவளை ஆட்டோ வரை கூட்டிப்போனேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வருடா வருடம் அந்தத் தலைவருக்கு மாலை போட்டவன் நான். அவர் எழுதியதற்கு எதிராக முதலில் வாயைத் திறந்தவனும் நானே. இன்றும் கூசுகிறது.